எதிர்ப்பொருளும் ஏற்பியும்: ஓர் அறிவியல் வரலாறு

1907ஆம் ஆண்டு நம் மலையின் வரலாற்றிலும் நம் மக்களின் வரலாற்றிலும் குறித்து வைத்தற்குரிய ஆண்டாகும். அவ்வாண்டு ஏப்ரல் 6ஆம் நாள் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டியர் ஆய்வகம் தன் பணியைத் தொடங்கிற்று. இரண்டு திங்கள் கழித்து, ஜூன் மாதத்தில், பண்டிதர் அயோத்திதாசர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழை வெளியிடலானார். இளமையை நீலகிரியில் கழித்தவர் அவர். 1870களில் இம்மலையிலேயே அத்வைதானந்த சபையை நிறுவியவர். தொழிலால் சித்த மருத்துவர். இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருசேர நினைப்பார் இல்லை. ஆயினும் இரண்டுக்கும் பொதுவான ஒரு பண்பு உண்டு. சொல்லுகிறவர் எவ்வளவு பெரியவர் என்று பாராமல், சொல்லுவதற்குச் சான்று என்ன என்று கேட்கும் பண்பே அது. அப்பண்பு மருத்துவ அறிவியலின் ஒரு துறையில் எவ்வாறு வேலை செய்தது என்பதை நம் சங்க இளைஞர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மஞ்சூரிலிருந்து குன்னூருக்குச் செல்லும் நம்மவர் சிம்ஸ் பூங்காவிற்கு எதிரே நிற்கும் அப்பழைய கட்டடத்தைப் பார்த்திருப்பர். நாய் கடித்தால் ஊசி போடுமிடம் என்ற அளவிலேயே பலரும் அதனை அறிவர். 1900இல் கசௌலியில் ஏற்பட்ட ஆய்வகமே அக்காலத்தில் இந்நாட்டில் வெறிநாய்க்கடிக்கு ஒரே புகலிடமாக இருந்தது. இமயமலை அடிவாரம் வரை செல்ல இயலாமல் 1902இல் ஓர் ஆங்கிலப் பெண் இறந்த துயரமும், அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் அளித்த நன்கொடையும் குன்னூர் ஆய்வகம் எழக் காரணமாயின. அதற்கு முன் தென்னாட்டில் கடிபட்டு மாண்ட கூலிகளுக்காக எந்த ஆய்வகமும் எழவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனினும் திறந்த கதவு எல்லோருக்குமாகத் திறந்தது. வயிற்றைச் சுற்றிப் போடப்பட்ட ஊசிகளை நம் முதியோர் இன்னும் மறந்திலர். ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்ட அம்மருந்து சிலருக்குப் பக்கவாதத்தையும் உண்டாக்கியது. 2004ஆம் ஆண்டின் இறுதியில் அது இந்தியாவில் அறவே கைவிடப்பட்டு, செல் வளர்ப்பில் செய்யப்படும் தடுப்பூசி அவ்விடத்தைப் பெற்றது.

தடுப்பூசி வேறு, எதிர்ப்பொருள் வேறு. இவ்வேறுபாட்டை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். தடுப்பூசி நம் உடலைத் தூண்டி, கிருமிக்கு எதிரான பொருளை உடலே செய்துகொள்ளும்படி செய்கிறது. அதற்குச் சில நாட்கள் ஆகும். முகத்திலோ தலையிலோ ஆழமாகக் கடிபட்டவருக்கு அந்த அவகாசம் இராது. ஆதலால் வேறோர் உடலில் ஆயத்தமாக இருக்கும் எதிர்ப்பொருளைக் கொண்டுவந்து காயத்தைச் சுற்றிச் செலுத்துகின்றனர். கிருமி நரம்புச் செல்லைப் பற்றுவதற்கு முன் எதிர்ப்பொருள் கிருமியைப் பற்றிக்கொள்கிறது. பற்றுமிடத்தை மறைத்து விடுவதே அதன் காப்பு.

இம்முறையின் தொடக்கம் 1890. பெர்லினில் ஜெர்மானியரான பெஹ்ரிங்கும் ஜப்பானியரான கிடசாட்டோவும் நோயெதிர்ப்புப் பெற்ற விலங்கின் இரத்த நீரை, அதாவது சீரத்தை, வேறொரு விலங்குக்குச் செலுத்தி அதனைக் காத்தனர். பின்னர்க் குதிரைகளின் இரத்தமே மருந்துச் சாலையாயிற்று. அவ்விலங்குகளைப் பேணியவர், இரத்தம் இறக்கியவர், கண்ணாடிக் குப்பிகளைக் கழுவியவர் ஆகியோரின் பெயர்கள் ஆய்வுக் கட்டுரைகளில் அச்சேறுவதில்லை. அவர்கள் உழைப்பின்றி ஒரு துளிச் சீரமும் ஆயத்தமாகியிராது.

சீரம் ஏன் வேலை செய்கிறது என்பதற்கு விளக்கம் தந்தவர் பால் எர்லிக். செல்லின் மேற்பரப்பில் குறிப்பிட்ட பொருளை மட்டுமே பற்றும் உறுப்புகள் உள்ளன என்று அவர் கருதினார். 1900ஆம் ஆண்டளவில் அவற்றைக் குறிக்க வந்த சொல்லையே இன்று 'ஏற்பி' என்கிறோம். எர்லிக் யூதர். உலகப் புகழ் பெற்ற பின்னரும் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் அவருக்குரிய இடம் எளிதிற் கிட்டவில்லை. பிறப்பைக் காட்டிக் கதவை அடைப்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று.

எர்லிக் சொன்ன ஏற்பிகளை நீண்ட காலம் எவரும் கண்ணாற் காணவில்லை. இதற்கிடையே வேறொரு செய்தி வெளிப்பட்டது. உடலின் செல்கள் ஒன்றுக்கொன்று தூது அனுப்புகின்றன. 1957இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டென்மன் இருவரும் இன்டர்ஃபெரான் என்னும் தூதுப் பொருளைக் கண்டனர். இத்தகைய புரதங்களுக்கு 1974இல் 'சைட்டோகைன்' என்ற பொதுப்பெயர் வந்தது. வெள்ளணுக்களிடையே செல்லும் தூதுகளை 'இன்டர்லூக்கின்' என்று எண்ணிட்டு அழைப்பது 1979 முதல் வழக்கிற்கு வந்தது. தூது மட்டும் இருந்தாற் போதாது. வாங்கிக் கொள்ளும் கை வேண்டும். அக்கையே சைட்டோகைன் ஏற்பி. தூது வந்து கையைத் தொட்டாலன்றிச் செல்லுக்குள் எந்த வேலையும் நடவாது. வெள்ளணுவைப் பெருகச் செய்வதும், காய்ச்சலை எழுப்புவதும், மூட்டினை வீங்கச் செய்வதும் இத்தொடுதலின் விளைவே. (தொடுதலால் தீட்டு வருமென்று கற்பித்த நாட்டில், தொடுதலின்றி ஓர் உயிர்ச்செல்லும் வாழாது என்பதை உயிரியல் ஆசிரியர்கள் சற்று உரக்கவே சொல்லலாம்.)

இவ்வேற்பிகளைக் காண்பது எளிதன்று. ஒரு செல்லின் மேல் பல வகைப் புரதங்கள் நெருங்கி நிற்க, நாம் தேடும் ஏற்பியோ சிற்சில நூறோ ஆயிரமோதான் இருக்கும். குதிரைச் சீரத்திலும் முயற் சீரத்திலும் பல்வேறு எதிர்ப்பொருள்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்றை மட்டும் பற்றும் எதிர்ப்பொருள் வேண்டும். அதுவும் என்றும் மாறாமல், வேண்டிய அளவு கிடைக்க வேண்டும்.

அதனை அளித்தவர்கள் கேம்பிரிட்ஜில் பணிசெய்த சீசர் மில்ஸ்டைனும் ஜார்ஜ் கோலரும். எதிர்ப்பொருள் செய்யும் சுண்டெலிச் செல் ஒன்றை, சாகாமல் பெருகும் புற்றுச் செல்லுடன் இணைத்தனர். பிறந்த கலப்புச் செல் இரண்டின் குணத்தையும் கொண்டிருந்தது: ஒரே வகை எதிர்ப்பொருளை ஓயாமல் சுரந்தது. ஒரே செல்லின் வழிவந்தது என்னும் பொருளில் இதனை 'மோனோகுளோனல்' எதிர்ப்பொருள் என்பர். 1975 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் அவர்கள் எழுதிய குறுங்கட்டுரை 1984இல் நோபல் பரிசைக் கொணர்ந்தது.

மில்ஸ்டைனின் வாழ்க்கையை நம் இளைஞர் அறிதல் நலம். அர்ஜென்டினாவுக்குக் குடியேறிய ஏழை யூதர் ஒருவரின் மகன் அவர். மூன்று பிள்ளைகளையும் பல்கலைக்கழகம் வரை படிக்க வைப்பதற்காகப் பெற்றோர் எந்தத் துன்பத்தையும் ஏற்றனர். 1962இல் இராணுவம் ஆட்சியைப் பறித்தபின் அவர் பணிசெய்த நிறுவனத்தில் பலர் வேட்டையாடப்பட, அவர் தாயகத்தை விட்டு இங்கிலாந்து சென்றார். இத்தகையவரின் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை. பிரிட்டிஷ் அரசின் அமைப்பு அதன் வணிகப் பயனை உணரத் தவறிற்று என்பதே உண்மை. ஆனால் அத்தவறினால் விளைந்த நன்மை பெரிது. உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் அம்முறையைத் தடையின்றிக் கையாண்டன.

அவற்றுள் ஒன்று அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் தாமஸ் வால்ட்மன் நடத்தியது. அவருடன் பணியாற்றிய ஜப்பானிய மருத்துவர் உச்சியாமா, வெள்ளணுப் புற்றுநோயாளி ஒருவரிடமிருந்து பெருக்கிய டி-செல்களைச் சுண்டெலிக்குச் செலுத்தி, 'ஆன்டி-டாக்' என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்கினார். ஆண்டு 1981. உறங்கிக் கிடக்கும் டி-செல்லை இது பற்றவில்லை. தூண்டப்பெற்று விழித்த டி-செல்லை மட்டும் பற்றிற்று. அப்படியாயின் விழித்த செல்லில் புதிதாகத் தோன்றியிருக்கும் அப்பொருள் யாது? டி-செல்லைப் பெருக்கும் இன்டர்லூக்கின்-2க்குரிய ஏற்பியாக இருக்கலாமோ என்று ஐயுற்றனர்.

ஐயத்தைத் தீர்த்த வழியே இவ்வரலாற்றின் உயிர்நாடி. எதிர்ப்பொருளை முன்னதாகச் செல்லின் மேல் இட்டனர். பின்னர் இன்டர்லூக்கின்-2ஐச் சேர்த்தனர். தூதுப் பொருள் ஒட்ட இடமின்றி நின்றது, செல் பெருகவில்லை. வேறு ஏதேனும் எதிர்ப்பொருளை இட்டபோது இத்தடை ஏற்படவில்லை. ஆகவே ஆன்டி-டாக் பற்றியிருந்தது அந்த ஏற்பியையே என்று 1982இல் நிலைநாட்டினர். கண்டறியும் கருவியாகப் பிறந்தது, தடுக்கும் கருவியாகவும் தன்னை மெய்ப்பித்தது. தடுத்த திறத்தினாலேயே எதைக் கண்டது என்பதும் உறுதியாயிற்று.

ஆய்வுக்கூடத்தில் தடுத்தது நோயாளியிலும் தடுக்குமா? மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்குபவை விழித்தெழுந்த டி-செல்களே ஆதலால், அவற்றை மட்டும் அடக்கும் மருந்தாக இதனைக் கருதினர். இடையூறு ஒன்று இருந்தது. சுண்டெலியின் எதிர்ப்பொருளை மனித உடல் அயலானாகக் கொண்டு அழித்துவிடும். பற்றும் நுனியை மட்டும் சுண்டெலியிடமிருந்து எடுத்து, எஞ்சியதை மனிதப் புரதமாக அமைக்கும் வழியை 1986இல் கேம்பிரிட்ஜில் கிரெகரி வின்டர் குழுவினர் காட்டினர். அவ்வழியில் மாற்றியமைக்கப்பட்ட ஆன்டி-டாக், 'டாக்லிசுமாப்' என்ற பெயரில் 1997இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மனிதமயமாக்கிய எதிர்ப்பொருள்களுள் அங்கு முதலில் ஒப்புதல் பெற்றது இதுவே. கதை இத்துடன் மங்கலமாக முடிந்துவிடவில்லை. பிற்காலத்தில் நரம்பு நோயொன்றுக்கும் இதனைக் கொடுத்தபோது சிலருக்கு மூளை அழற்சி நேர்ந்தது. 2018இல் மருந்து திரும்பப் பெறப்பட்டது.

ஜப்பானின் ஒசாகாவில் ததமிட்சு கிஷிமோட்டோ இதனையொத்த பாதையில் நடந்தார். 1986இல் இன்டர்லூக்கின்-6இன் மரபணுவையும் 1988இல் அதன் ஏற்பியின் மரபணுவையும் அவர் குழுவினர் பிரித்தெடுத்தனர். ஏற்பியைத் தடுக்கும் சுண்டெலி எதிர்ப்பொருளைக் கண்டு, பிரிட்டிஷ் அறிஞர்களின் துணையுடன் மனிதமயமாக்கினர். அதுவே 'டோசிலிசுமாப்'. 2005இல் ஓர் அரிய நிணநீர் நோய்க்கும், 2008இல் முடக்குவாதத்துக்கும் ஜப்பானில் அது ஒப்புதல் பெற்றது. குளிரில் கொழுந்து பறிக்கும் நம் தாய்மார் விரல் மூட்டு வீக்கத்தை 'வாதம்' என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக்கொள்வர். அவ்வீக்கத்துள் உண்மையான முடக்குவாதமும் உண்டு. வேலைத் தேய்மானமும் உண்டு. பிரித்தறிய இரத்தச் சோதனையும் மருத்துவரும் வேண்டும். இம்மருந்தைத் தொடங்குமுன் காசநோய் மறைந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இன்றியமையாதது. தடுக்கப்படும் தூதே கிருமியை எதிர்க்கவும் பயன்படுவதால், தடுத்தபின் காய்ச்சல் வெளித்தோன்றாமலே நோய் முற்றக் கூடும்.

இனி, எதிர்ப்பொருள் பொய்ச் சாட்சி சொன்ன கதையையும் கூற வேண்டும். சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபாயிட்டின் என்னும் பொருளின் ஏற்பியும் சைட்டோகைன் ஏற்பிக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இரத்தசோகையுற்ற புற்றுநோயாளிகளுக்கு அப்பொருள் மருந்தாகக் கொடுக்கப்பட்டது. புற்றுச் செல்களிலும் அந்த ஏற்பி இருக்கிறது, ஆதலால் மருந்தே புற்றை வளர்க்கக்கூடும் என்று பல ஆய்வுகள் அஞ்சின. அவை சான்றாகக் கொண்டது கடைகளில் விற்கப்பட்ட ஆய்வு எதிர்ப்பொருள்களை. 2006இல் அவற்றைச் சோதித்தபோது, பெரிதும் கையாளப்பட்ட ஒன்று ஏற்பியை விட்டு, வெப்ப அதிர்ச்சிப் புரதம் எனப்படும் முற்றிலும் வேறான புரதத்தைப் பற்றுவது தெரிந்தது. சோதித்தவர்கள் அம்மருந்தை விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். தமக்கு ஆதாயமான முடிவைத்தான் சொல்வார்கள் என்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் மறுஆண்டு வேறொரு குழுவினரும் அத்தகைய எதிர்ப்பொருள்களில் இக்குறையைக் கண்டனர். மருந்தினால் தீங்கு உண்டா இல்லையா என்பது தனி வழக்கு. அந்த வழக்கில் இந்தச் சாட்சி செல்லாது. 2015இல் நூற்றுக்கும் மேற்பட்ட அறிஞர்கள், ஆய்வு எதிர்ப்பொருள்களை ஒழுங்குபடுத்த வேண்டுமென்று 'நேச்சர்' இதழில் கையொப்பமிட்டுக் கோரினர்.

நல்ல சாட்சியைத் தேர்வது எங்ஙனம்? தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் முறையை நினைத்துக்கொள்வோம். கூடையோடு நிறுத்தால் கூடையின் எடையைக் கழித்தாக வேண்டும். வெறுங்கூடையை நிறுத்துப் பாராமல் வாய்க்கு வந்ததைக் கழிக்கும் கணக்கனிடம் நம் பெண்கள் எத்தனை முறை வழக்காடியிருக்கின்றனர்! ஆய்வுக்கூடத்திலும் அதே நியாயந்தான். ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளைச் செல்களின் மேல் இட்டு, அவற்றை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன் ஓடவிட்டு, ஒளிர்வை அளக்கின்றனர். செல்லின் பிசுபிசுப்பில் தற்செயலாக ஒட்டியதும் ஒளிரும். ஆகவே அதே வகுப்பைச் சேர்ந்த, ஆனால் அந்த ஏற்பியை அறியாத வேறோர் எதிர்ப்பொருளை இட்டு அளப்பது வெறுங்கூடை. ஏற்பியின் மரபணுவையே நீக்கிய செல்லில் இட்டுப் பார்ப்பது அதனினும் கடுமையான சோதனை. அங்கும் ஒளிர்ந்தால் சாட்சி பொய்.

பற்றுவதெல்லாம் தடுக்கும் என்றும் எண்ணலாகாது. ஏற்பியின் ஓரத்தைப் பற்றினால் தூது வழக்கம்போல் வந்து சேரும். சில எதிர்ப்பொருள்கள் தாமே தூதினைப் போல நடித்து ஏற்பியைத் தூண்டிவிடும். 2006 மார்ச் 13 அன்று லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனையில், டி-செல்லின் மற்றோர் ஏற்பியைத் தூண்டும் புதிய எதிர்ப்பொருள் ஆறு நல்ல உடல்நிலையுள்ள ஆடவருக்குச் செலுத்தப்பட்டது. சில மணி நேரத்திற்குள் அவர்கள் உடலில் சைட்டோகைன்கள் வெள்ளமாகப் பெருகி, உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. அறுவரும் உயிர் பிழைத்தனர். குரங்குகளில் செய்த சோதனை இந்த ஆபத்தைக் காட்டவில்லை. கூலி பெற்று மருந்துச் சோதனைக்கு உடலைக் கொடுப்போர் பெரும்பாலும் பணம் வேண்டியவரே என்பதால், கையொப்பமிடும் தாளைப் படித்தறியும் கல்வி நம்மவர்க்கு உயிர்க்காப்பாகும்.

சைட்டோகைன் வெள்ளம் என்ற சொல் 2020இல் கொரோனாவுடன் நம் வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. அவ்வாண்டு ஜூலையில், பெங்களூரின் பயோகான் நிறுவனம் செய்த இடோலிசுமாப் என்னும் எதிர்ப்பொருளுக்கு இந்தியாவில் அவசர ஒப்புதல் கிடைத்தது. டி-செல்லின் சிடி-6 என்னும் புரதத்தைப் பற்றுவது அது. முப்பது நோயாளிகளில் மட்டும் நடந்த சோதனையின் மேல் அளிக்கப்பட்ட அந்த ஒப்புதலை மருத்துவர் பலர் குறை கூறினர். அக்குறை நியாயமானதே. டோசிலிசுமாபைப் பற்றி இந்தியாவில் 12 மருத்துவமனைகளில் 180 நோயாளிகளில் நடந்த சோதனை, எல்லோர்க்கும் கொடுப்பதை ஆதரிக்கவில்லை. கடும் நோயாளருக்குப் பயன்படலாம் என்ற குறிப்பை மட்டும் தந்தது. பிரிட்டனில் 4116 நோயாளிகளை எடுத்துக்கொண்ட 'ரெகவரி' ஆய்வு 2021இல் ஐயத்தைப் போக்கிற்று. வழக்கமான மருத்துவத்தில் நூற்றுக்கு 35 பேர் இறந்தனர். இம்மருந்தும் சேர்ந்தபோது 31 பேர். நூற்றுக்கு நான்கு உயிர். சிறிதெனத் தோன்றும் இவ்வேறுபாட்டை முப்பது பேரிடம் எப்படிக் காண முடியும்?

அந்நான்கு உயிரின் விலையை நாடு 2021 ஏப்ரலிலும் மே மாதத்திலும் கண்டது. வெளிநாட்டிலிருந்து வந்த அம்மருந்தின் 400 மில்லிகிராம் அளவு ஏறத்தாழ 40,000 ரூபாய். தேயிலைத் தோட்டத்து நாட்கூலிக் குடும்பம் பல திங்கள் ஊதியத்தை ஒருங்கே வைத்தாலும் எட்டாத தொகை. பணமுள்ளவருக்கும் மருந்து கிட்டவில்லை, மைய அரசு மாநிலங்களுக்குப் பங்கிட்டு அளித்தது, கள்ளச்சந்தை கொழித்தது. ஜூன் மாதத்தில் அதன் மீதான சரக்கு சேவை வரி நீக்கப்பட்டது. இரண்டாம் அலை ஓய்ந்த பின், செப்டம்பரில், ஐதராபாத்தின் ஹெட்டிரோ நிறுவனம் செய்த நிகர்மருந்துக்கு அவசர ஒப்புதல் வந்தது. காப்புரிமையின்றித் தொடங்கிய ஒரு முறையிலிருந்து எட்டாத விலையுள்ள பொருள் பிறந்ததை அறிவியலின் குற்றமாகச் சொல்ல முடியாது. செய்யத் தெரிந்த இடங்கள் மிகச் சிலவாக இருந்ததே காரணத்தில் பெரும்பங்கு.

செய்யும் இடம் நம் மலையிலேயே இருக்கிறது என்பதை நினைவூட்ட வேண்டும். 1977 முதல் தன்னாட்சி அமைப்பாக இயங்கும் குன்னூர்ப் பாஸ்டியர் ஆய்வகம் குழந்தைகளுக்கான முத்தடுப்பூசியை நாட்டுக்கு அளித்து வந்தது. 2008 ஜனவரியில் குன்னூர், கசௌலி, சென்னை கிண்டி ஆகிய மூன்று அரசு நிறுவனங்களின் உற்பத்தி உரிமம், தரவிதிகளைக் காட்டி நிறுத்தப்பட்டது. எதிர்ப்புக்குப் பின் 2010இல் உரிமம் மீண்டது. தரம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. பொதுச் செல்வத்தை மூடிவிட்டுத் தரம் பேசுவது வேறு. வெறிநாய்க்கடிக்கான மோனோகுளோனல் எதிர்ப்பொருளும் 2016இல் புனே நகரத் தனியார் நிறுவனம் ஒன்றின் பெயரில் இந்தியாவில் ஒப்புதல் பெற்றது. குதிரைச் சீரத்தின் இடத்தை அது மெல்லப் பெற்று வருகிறது.

இத்துறைக்குள் நுழையும் வழிகள் நம் பிள்ளைகளுக்கு முன்னைவிடச் சற்று அகன்றுள்ளன. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு 2020 முதல் நடைமுறையில் உள்ளது. நீலகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் வந்தது. ஆயினும் எதிர்ப்பொருள் செய்வோர் எல்லோரும் மருத்துவர் அல்லர். உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், கால்நடை மருத்துவம், இரசாயனப் பொறியியல் படித்தோரே பெரும்பாலர். மஞ்சூர்ப் பகுதியில் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவை விட்டு வேறு பிரிவுக்கு மாறும் நம் மாணவர், கணக்குக்கும் வேதியியலுக்கும் மாலை நேரத்தில் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை என்பதையே காரணமாகச் சொல்கின்றனர். அண்ணல் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறுஆண்டு பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தபோது, அதனைக் கலைக் கல்லூரியாக மட்டும் திறக்கவில்லை. கலை, அறிவியல் இரண்டுக்குமான கல்லூரியாகவே திறந்தார்.